வெளியே போகாத அலமாரி

தேவகோட்டைப் பக்கம் சங்கிலிமுத்து, ஒச்சப்பன், பூவலிங்கம் என்று அண்ணன் தம்பி மூவர் தச்சுப் பட்டறை வைத்திருந்தார்கள். கைவேலை அருமையாக வரும். மூளைக்குத்தான் அவர்கள் அதிகம் வேலை கொடுப்பதில்லை.

ஒருநாள் சிகப்பி ஆச்சி, இடித்த வீட்டின் தேக்குத் தூண்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மகள் கல்யாணச் சீருக்கு அலமாரி வேண்டும், வெள்ளிக்கிழமை காலை அது மாப்பிள்ளை வீட்டில் இறங்காவிட்டால் சம்பந்தி முகத்தில் முழிக்க முடியாது என்றார். போகிற போக்கில், “பழைய மரம்ப்பா. ஒரு துண்டு வீணாகக் கூடாது. எல்லாம் அலமாரியிலேயே சேரணும்” என்று சொல்லிவைத்தார். மூவரும் வாக்குக் கொடுத்தார்கள்.

அலமாரி அற்புதமாக வந்தது. தூணில் செதுக்கியிருந்த மயில் அலமாரிக் கதவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் பட்டறை வாசலில் அது கொள்ளவில்லை. பட்டறைக் கதவைக் கழற்றினார்கள். கழற்றியதைப் பார்த்ததும் ஒச்சப்பனுக்குக் கவலை வந்துவிட்டது.

“அண்ணே, இதுவும் பழைய மரந்தானே?”

“ஆமாடா. ஆச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கோமே.”

கதவை அலமாரியோடு சேர்த்து அடித்தார்கள். அலமாரி பெருத்து, கதவில்லாத வாசலிலும் கொள்ளவில்லை. வாசல் நிலையைப் பெயர்த்தார்கள். நிலையும் பழைய மரம். அதையும் சேர்த்தார்கள். பிறகு சுவர்ப் பலகைகள், கடைசியில் கூரைச் சட்டம். ஓடுகள் மரமில்லை என்பதால் பிழைத்தன.

வியாழன் சாயங்காலம் பொட்டலில் அலமாரி மட்டும் நின்றது.

“இப்ப தூக்கிடலாமா?” என்றான் பூவலிங்கம்.

“எப்படிடா தூக்குவே? முன்னே வாசல் சின்னதா இருந்துச்சு. இப்ப வாசலே இல்ல. எந்த வழியா வெளியே கொண்டு போவே?” என்றார் அண்ணன்.

மூவருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒச்சப்பன் அழுதேவிட்டான். புது வாசல் செய்யலாமென்றால் மரம் வேண்டும். இருந்த மரமெல்லாம் அலமாரியில் இருந்தது. வேறு வழியில்லாமல் அதில் கைவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, தூறலில் ஆச்சி வண்டியோடு வந்தார். பொட்டலுக்கு நடுவே, மயில் செதுக்கிய பெரிய வாசல் ஒன்று கதவோடு நின்றது. பூவலிங்கம் மரியாதையாகக் கதவைத் திறந்து அவரை வரவேற்றான்.

“அலமாரி எங்கப்பா?”

“அதுலதான் ஆச்சி இந்த வாசலே செஞ்சோம்” என்றார் சங்கிலிமுத்து. “ஒரு துண்டு வீணாகல. இனி எம்புட்டுப் பெரிய அலமாரியும் தாராளமா வெளியே போகும்.”

ஆச்சி தலையில் கைவைத்தபடி, வந்த வாசல் வழியே வெளியேறினார். மழை வலுத்தது. பின்னாலிருந்து சங்கிலிமுத்து பணிவாகக் குரல் கொடுத்தார்.

“ஆச்சி, கதவைச் சாத்திட்டுப் போங்க. சாரல் உள்ள அடிக்குது.”