கட்டவிழ்க்கும் நேரம்

கடைசியாக ஒருவருக்கு நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்? அதே பொருளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்திருப்பீர்களா?

பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நாச்சிமுத்துவும் அவசரப்பட்டுத்தான் பதில் சொன்னார்.

பிற்பகல் வெயிலில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு அவர் ஆசிரமத்துக்குள் நுழைந்தார். தலை நரைத்த குடியானவர். குருவாகிய தவமணி அம்மையாரோ வயதில் அவருக்கு மகள் போன்றவர். ஆனாலும் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

“அம்மா, நான் யாருக்குங்க கெடுதல் பண்ணுனேன்?”

“என்ன நடந்தது?”

“தோட்டத்துல நாட்டுக்கோழி வளர்த்தேனுங்க. கூண்டுல அடைக்காம, காட்டுல மேய விட்டு வளர்த்தேன். வெள்ளைக்கழிச்சல் வந்து அத்தனையும் கழுத்தைத் திருகிட்டுச் செத்துப்போச்சு. மிஞ்சுனது இந்தச் சேவல் ஒண்ணுதான்.”

“தடுப்பு மருந்து விடவில்லையா?”

“டாக்டர் சொன்னாருங்க. மேயற கோழிக்கு மருந்து எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அம்மையார் சேவலைப் பார்த்தார்.

“ஆனா தருமத்துல நான் குறை வெக்கலீங்க. புருஷனை இழந்த என் தங்கச்சி பாவாயிக்கு மூணு கோழி குடுத்தேன். பொறந்த வீட்டுச் சீருன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிட்டுப் போனா. அப்படிக் குடுத்தவனுக்கா இந்தக் கதி?”

“பாவாயியிடம் வேறு கோழிகள் இருக்கின்றனவா?”

“வாசல் நிறைய இருக்குதுங்க. முட்டை வித்துத்தான் அவ பொழைப்பே ஓடுது.”

பிறகு சேவலை நீட்டினார். “இதை ஆசிரமத்துக்கு வெச்சுக்குங்க. என் தோசம் கழியட்டும்.”

அம்மையார் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஆசிரமத்தின் பின்புறம் முருங்கை மரங்களுக்கு அடியில் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. பலிக்கென்று நேர்ந்துவிட்டுப் பின்பு மனம் மாறியவர்கள் கொண்டுவந்து விட்டவை. அம்மையார் சேவலோடு அங்கே நடந்தார். படலைத் திறந்தார். குனிந்தார்.

“அம்மா, விடாதீங்க.”

நாச்சிமுத்து ஓடிவந்து குறுக்கே நின்றார். மூச்சு வாங்கியது.

“ஏன்? நல்ல சேவல்தானே?”

“பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நோவு விழுந்த பட்டியில நின்னது. இதுகளோட சேர்த்தா ஒண்ணு மிஞ்சாது.”

“இது உங்களுக்கு எப்போது தெரியும்?”

“கோழி வெச்சிருக்கற யாருக்கும் தெரியுங்களே.”

“அப்படியானால் ஏன் கொண்டுவந்தீர்கள்?”

“நீங்க தனியாக் கட்டி வெப்பீங்கன்னு...”

“பாவாயியும் கட்டித்தான் வைத்திருக்கிறாளா?”

நாச்சிமுத்து சேவலின் காலைப் பார்த்தார்.

புதிதாக வந்த கோழி பழைய வீட்டைத் தேடி ஓடிவிடாமல் இருக்க, காலில் கயிறு கட்டிச் சில நாள் தனியே வைத்திருப்பது அவர்கள் ஊர் வழக்கம். இடம் பழகியதும், பொழுது சாயும் நேரத்தில் கட்டவிழ்த்து மற்றவற்றோடு ஒரே கூட்டில் அடைப்பார்கள்.

“முதல் கோழி செத்தது, அவளுக்குக் கொடுப்பதற்கு முன்பா, பின்பா?”

முருங்கை இலை ஒன்று சேவலின் முதுகில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டார்.

“பாவாயி தோட்டத்துல பங்கு கேட்டு வந்து நின்னாளுங்க” என்றார் கடைசியில். “வெறுங்கையோட அனுப்ப முடியல. பங்கு குடுக்கவும் மனசு வரல. சாகப் போறதுதானேன்னு பிடிச்சுக் குடுத்துட்டேன்.”

“எப்போது கட்டவிழ்ப்பாள்?”

“இன்னைக்குத்தானுங்க.”

அம்மையார் சேவலை அவர் கைகளிலேயே திருப்பி வைத்தார். “உங்கள் தருமம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

“அவகிட்ட உண்மையைச் சொன்னா, இனி என் வாசப்படியை மிதிக்க மாட்டாளுங்க.”

“மிதிக்க மாட்டாள்.”

ஆறுதலாக ஏதேனும் வரும் என்று அவர் காத்து நின்றார். வரவில்லை. சாயும் வெயில் முருங்கையின் உச்சிக்கு ஏறியிருந்தது.

“சட்டைப்பையில் என்ன?”

“போனுங்க.”

நாச்சிமுத்து சேவலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, தங்கையின் பெயரை அழுத்தினார்.

மறுமுனையில் கோழிகளின் சத்தம். அதற்கு மேலாக, அம்மையாருக்கும் கேட்கும்படி, பாவாயியின் குரல்.

“சொல்லுங்கண்ணா. உங்களுக்கு ஆயுசு நூறு. நீங்க குடுத்த கோழியை அவுத்துவிடலாம்னு இப்பத்தான் கயித்துல கைய வெச்சேன்.”

நாச்சிமுத்துவின் உதடுகள் அசைந்தன. ஓசை எழவில்லை.

“அண்ணா? சாப்டீங்களா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

அவர் அம்மையாரைப் பார்த்தார்.

“முடிச்சு இன்னும் அவிழவில்லை, நாச்சிமுத்து. சொல்லுங்கள். இன்றே, இப்போதே சொல்லுங்கள்.”