பந்தில்லாத ஆட்டம்

"டீச்சர், நான் கிரவுண்டில் என்னதான் செய்கிறேன்?"

கேட்டவன் ரூபஸ். கோயம்புத்தூரில் ஒரு கிளப்புக்காகச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறவன். ஆடும் இடம், நடுக்களம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

கேட்கப்பட்டவள் மெர்லின். ரூபஸ் பிறந்த கடற்கரை ஊரில் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். வயதில் அவனுக்கு இளையவள். இடுப்பில் குழந்தை, கழுத்தில் விசில். விசில் பாதி நேரம் குழந்தையின் வாயில்தான் இருக்கும்.

 குழந்தையின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கித் துடைத்தாள்.

"வீட்ல கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். ஷைனிதான், 'இங்க உக்காந்து டிவியத் திட்டாதீங்க, அந்த டீச்சர்ட்ட போய்க் கேளுங்க'ன்னு பஸ் ஏத்தி விட்டா."

"அவங்களுக்குத் தெரியாதாமா?"

"தெரியாதாம். கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்காளாம். ஓடுறது தெரியுதாம், எதுக்கு ஓடுறேன்னு தெரியலியாம்."

மெர்லின் சிரித்துவிட்டாள்.

ரூபஸ் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். கிளப்புக்குப் புதுக் கோச் வந்திருக்காரு. போன சீசன் வீடியோ எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாரு. 'ரூபஸ், நீ கோலும் அடிக்கல, கோலையும் தடுக்கல. நடுவுல நின்னு என்ன பண்றேன்னு எனக்குப் பிடிபடல. முன்னால வந்து கோல் அடி. இல்லன்னா வேற கிளப் பாத்துக்கோ'ன்னுட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணுவாரு. பதில் சொல்லணும்."

"சொல்ல வேண்டியதுதானே, என்ன பண்றேன்னு."

"அதைத்தானே டீச்சர் கேக்கேன்! நானும் அந்த வீடியோவைப் பாத்தேன். ஓடுறேன். நிக்கேன். கையை நீட்டி எங்கியோ காட்டுறேன். திரும்பித் திரும்பிப் பாக்கேன். பந்து வந்தா ஒரு தட்டு, அவ்வளவுதான். எனக்கே என்னைப் பிடிபடல. இத்தனை வருசமா இதுக்கா சம்பளம் வாங்கினேன்?"

மெர்லின் குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிங்க."

அவன் வாங்கிக்கொண்டான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்தது.

அவள் மைதானத்துக்குள் போனாள். பெண்பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த பந்தை எடுத்துக் கோணிப்பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, கோட்டுக்கு வெளியே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ம், ஆடுங்கட்டி," என்றாள்.

பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள்.

ரூபஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். அவர்களிடம் இருந்ததே ஒரு பந்துதான். ஒருமுறை அது வேலிமுள்ளில் கிழிந்துபோனது. புதுப்பந்து வர மாசக்கணக்கு ஆயிற்று. அதற்காக மெர்லின் பயிற்சியை நிறுத்தவில்லை. பந்து இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடுங்கள் என்றாள். புதுப்பந்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பயிற்சியின் கடைசியில் பந்து பைக்குள் போய்விடும். ஆட்டம் நடக்கும்.

பெரும்பாலும் சண்டையில் முடியும்.

"பந்து எங்கிட்ட!"

"ஒங்கிட்டயா? நான் அப்பவே பிடுங்கிட்டேன்!"

"எப்பட்டி பிடுங்கின?"

"நீ சோம்பல் முறிச்சியே, அப்ப!"

மெர்லின் ரூபஸைப் பார்த்து, "நீங்களும் எறங்குங்க," என்றாள்.

"நானா?"

"முன்னால ஆடுங்க. கோச் சொன்ன எடத்துல."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ரூபஸ் இறங்கினான்.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

"அண்ணே, நீங்க டிவியில வந்தீங்கல்லா? எங்கம்மா மேட்ச் முடியற வரைக்கும் 'ரூபஸ் எங்கட்டி, ரூபஸ் எங்கட்டி'ன்னு தேடிட்டே இருந்தா," என்றாள் ஜெஸ்லின். ஒல்லியான பிள்ளை. ஓரத்தில் ஓடுகிறவள்.

"கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லண்ணே. கரன்ட் போயிட்டு."

ரூபஸ் முன்னால் போய் நின்றான். இல்லாத பந்தைக் காலில் வாங்கினான். ஒருத்தியை வெட்டித் தாண்டினான். இன்னொருத்தியைத் தாண்டினான். கோலுக்கு நேரே போய் ஓங்கி உதைத்தான்.

கோல்கீப்பர் அபிஷா இடுப்பில் கைவைத்து நின்றாள். அசையவில்லை.

"கோல்," என்றான் ரூபஸ்.

"என்ன கோல்?"

"அடிச்சேன்ல?"

"எங்கண்ணே பந்து? எனக்குத் தெரியலியே."

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. எல்லாரும் நின்ற இடத்தில் நின்று, திருவிழாவில் பொய்க்கால் குதிரை பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் யாரும் வரல?"

"நீங்க பாட்டுக்கு ஓடுறீங்க. நாங்க எதுக்கு?" என்றாள் ஜெஸ்லின்.

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. இல்லாத பந்தை வைத்துக்கூடத் தன்னால் ஒரு கோல் அடிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு தடவை முயன்றான். அபிஷா ஒருமுறை கொட்டாவி விட்டாள்.

மெர்லின் பையின் மேல் உட்கார்ந்து குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ரூபஸ் களைத்துப்போய்ப் பின்னால் நடந்தான். யோசித்து நடக்கவில்லை. கால்கள் போய் நின்ற இடம், எப்போதும் நிற்கிற நடுவிடம்.

அங்கே நின்றவன், இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தான். வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பிறகு பாதி உடம்பைத் திருப்பி, கையைத் தாழ்த்தி ஓரமாகக் காட்டினான்.

ஜெஸ்லின் பாய்ந்தாள்.

அவள் பாய்ந்ததும் எதிர்ப்பக்கத்தில் இருவர் அவளைத் துரத்தினார்கள். அவர்கள் விட்டுப் போன இடத்துக்கு இன்னொருத்தி ஓடினாள். ரூபஸ் இரண்டடி நகர்ந்தான். மறுபடி தோளுக்குப் பின்னால் பார்த்தான். இன்னொரு பக்கம் திரும்பினான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

"ஏ, மாத்திட்டாருட்டி! இங்கிட்டு வா, இங்கிட்டு!" என்று அபிஷா கத்தினாள்.

பந்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஜெஸ்லின் கோல் அருகே காலை வீசினாள். அபிஷா பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தாள். வாயெல்லாம் மணல். எழுந்து துப்பினாள்.

"தூ... கோல்தான்," என்றாள் கடுப்பாக. "கைல பட்டுத்தான் போச்சு."

ஜெஸ்லினைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் முதுகில் ஏறிக்கொண்டாள். கூச்சல் தாங்க முடியவில்லை.

ரூபஸ் நடுவில் நின்றான். அவன் பக்கம் ஒருவரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே மெர்லினிடம் வந்தான்.

"பாத்தீங்களா டீச்சர்? இங்கயும் அதே கதைதான். கோல் அவ பேர்ல. நான் சும்மா நின்னேன்."

"சும்மாவா நின்னீங்க?"

"பின்ன? பந்தைத் தொடக்கூட இல்ல."

"பந்தே இல்லியே, எப்படித் தொடுவீங்க?"

 

"குழப்பாதீங்க டீச்சர். வந்தப்ப பாதிக் குழப்பம். இப்ப முழுசாயிட்டு. பதிலைச் சொல்லுங்க. முன்னால போகட்டுமா, விட்டுட்டு வந்துரட்டுமா? ஊர்ல மச்சான் ஒருத்தன் ஜிம் வைக்கான். பார்ட்னரா வான்னு கூப்பிடுறான்."

"ஜிம்மு நல்லதுதான்," என்றாள் மெர்லின். "பிடிங்க."

குழந்தை மறுபடி அவன் கைக்கு வந்தது.

"நீங்க வெளியவே நில்லுங்க. ஏ பிள்ளைகளா, அண்ணன் ஆடல. நீங்க ஆடுங்க!"

ஆட்டம் தொடர்ந்தது.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. ஜெஸ்லின் ஓடினாள். பின்னாலேயே இருவர் ஓடினார்கள். அப்புறம் ஜெஸ்லின் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

இந்த ஓரத்தில் ஒருத்தி உதைத்தாள். அந்த ஓரத்தில் ஒருத்தி தலையால் முட்டினாள்.

இந்தப் பக்கம், "கோல்!" என்றார்கள். அதே நேரம் அந்தப் பக்கமும், "கோல்!"

இரண்டு கூட்டமும் தனித்தனியாகக் குதித்துக் கொண்டாடியது.

"எத்தனை பந்துட்டி ஆடுறீங்க?" என்று அபிஷா அலறினாள். "ஒண்ணா, ரெண்டா? நான் எதைப் பிடிக்க?"

"ஒண்ணுதான்ட்டி!"

"அப்ப அது யார்ட்ட?"

எல்லாரும் கை தூக்கினார்கள்.

அபிஷா கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ரூபஸ் பார்த்துக்கொண்டே நின்றான். பிள்ளைகள் இரண்டு ஓரத்திலும் குவிந்து கிடந்தார்கள். நடுவில் வெறும் மணல். காற்று அதன் மேல் பொடிமணலைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவன் கால்தடம் மூடிக்கொண்டிருந்தது.

வீடியோவில் அந்த இடத்தை இப்படிக் காலியாக அவன் பார்த்ததே இல்லை. பார்த்தபோதெல்லாம் அங்கே அவன் நின்றுகொண்டிருந்தான்.

குழந்தை அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. அவன் கால் தன்னால் கொஞ்சம் நகர்ந்தது. இடது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு வலது தோள்.

"எதுக்குப் பின்னால பாக்கீங்க?" என்றாள் மெர்லின். "அங்க கடல்தான் கெடக்கு."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தான்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். 

"கோச்."

"எடுங்க."

"என்ன சொல்லட்டும்?"

"குழந்தையக் கீழ போட்டுராதீங்க," என்றாள் அவள். எழுந்து, பிள்ளைகளின் சண்டையை விலக்கப் போய்விட்டாள்.

அவன் போனைக் காதில் வைத்தான்.

"சொல்லு ரூபஸ்," என்றது கோச்சின் குரல். "யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

"முன்னால வர்றியா?"

ரூபஸ் மைதானத்தைப் பார்த்தான். அபிஷா எழுந்து நின்று யாரையோ விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் தலையில் கைவைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னால வரல சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அப்போ வேற கிளப்பா?"

"அதுவும் இல்ல சார்."

"பின்ன என்னப்பா? ரெண்டுல ஒண்ணுதானே கேட்டேன்?"

ரூபஸ் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினான்.

"சார், நாளைக் கழிச்சு பயிற்சி மேட்ச் இருக்குல்ல?"

"ஆமா."

"என்னை அதுல சேக்காதீங்க."

"என்னது?"

"நான் வெளிய உக்காந்துக்கிறேன். உங்க பக்கத்துல."

"உக்காந்து?"

"ரெண்டு பேரும் மேட்ச் பாப்போம்."

 போனுக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"நீ ஆடாத மேட்ச்சுல நான் உன்னை எப்படிப்பா பாக்கிறது?"

"அதான் சார் பாக்கணும்," என்றான் ரூபஸ்.