புன்னங்காட்டுக் குலவை

ஒரு ஊர்ல, கடலை ஒட்டி ஒரு புன்னங்காடு. ஒவ்வொரு மரமும் ஊரே கை கோத்தாலும் அணைக்க முடியாத பருமன். யாரும் வெட்டிடக் கூடாதுன்னு வேலி போட்டு, காவல் வச்சிருந்தாங்க. ம் கொட்டு கண்ணு.

அந்த ஊர்ல செவந்தின்னு முன்பல்லு விழுந்த பொண்ணு. அவ அப்பா புதுசா ஒரு வள்ளம் வாங்கினாரு. "கடல்ராசான்னு பேரு வைப்போம்"னாரு. "பொரிஉருண்டை!"ன்னா இவ.

அப்பா சொன்னாரு, "நடுக்கடல்லேருந்து புன்னங்காட்டு உச்சிமரத்தைப் பாத்துத்தான் நாங்க கரைக்கு வர்றோம். நாளைக்கு நீ அத்தையோட அங்க போறேல்ல? நீ வந்தது கடல்ல எனக்குத் தெரிஞ்சா, நீ சொன்ன பேருதான்."

"தெரியும் பாரு!"

அப்புறம் விடிஞ்சுது, போனாங்க. காட்டு வாசல்ல காவக்காரர் சொன்னாரு, "இலை பறிக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது, கத்தக் கூடாது. திரும்புறப்ப மட்டும் வனத்தாய்க்கு ஒரு குலவை போட்டுச் சொல்லிட்டுப் போகணும்."

உச்சிமரத்தடிக்கு ஓடிப்போய்ப் பாத்தா... கடலையே காணோம்! எந்தப் பக்கமும் மரம், மரம், மரம். துண்டை எடுத்து விசுக் விசுக்குன்னு வீசினா. ஒரு அணில்தான் பாத்துது. தொபுக் தொபுக்குன்னு குதிச்சா. ம்ஹூம். மெதுவா வேர்மேல காலை வச்சா.

"ஏய் குட்டி, இறங்கு!"ன்னு காவக்காரர் அதட்டினாரு.

செவந்திக்கு உதடு பிதுங்கிடுச்சு. "போச்சு அத்தை. கடல்ராசாதான்."

"அழுதா மரம் குனிஞ்சு தூக்கி விடுமா? வாடி, குலவை போட்டுட்டுக் கிளம்பலாம்."

அத்தை போட்டா பாரு, உலுலுலுலு! அப்போ உச்சியில இருந்த கொக்கெல்லாம் படபடபடன்னு, பால் பொங்கின மாதிரி எழும்பிச்சு! வட்டம் போட்டு மறுபடி உக்காந்துது.

"அத்தை, நானும்!" நாக்கைச் சுழட்டினா. புஸ்ஸு. பல்லுச் சந்துல காத்துதான் வந்துது. மறுபடியும் புஸ்ஸு. மூணாம் தரம் மூச்சை இழுத்து, உலுலு... புஸ்... லுலுலு!

பாதிக் கொக்கு எழும்பிச்சு, பாதி முழிச்சுது, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டுச்சு!

பொழுது சாய அப்பா கரையேறினாரு. செவந்தி ஓடி வந்து சொல்றதுக்குள்ள அவரு சிரிச்சாரு.

"கொக்கு ரெண்டு தரம் எழும்பிச்சு. அழகா எழும்பினது உங்க அத்தை. கோணலா எழும்பிச்சே, அது ஓட்டைப்பல்லு!"

அன்னையிலேருந்து அந்தக் கடல்ல பொரிஉருண்டைதான் மெதக்குது. வள்ளமும் கரை சேந்தாச்சு, கதையும் கரை சேந்தாச்சு. கொக்கெல்லாம் உக்காந்தாச்சு, நீயும் கண்ணை மூடு.