கண்ணாடி எங்க?

பங்களாக்காரர் திருவேங்கடம் பட்டு ஜிப்பா சரசரக்கக் கூண்டில் ஏறினார். "இந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்லைங்க. போன வாரம் பூட்டை உடைச்சு என் பின்கட்டுல புகுந்துட்டா," என்று சத்தியம் பண்ணிச் சொன்னார்.

பதினெட்டு வருஷமாக அவர் வீட்டில் சமைத்துப் பெருக்கி, அதே பின்கட்டு அறையில் குடியிருக்கும் செங்கமலம் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடியிருந்ததுக்கு ஒரு துண்டுக் காகிதம் காட்டட்டும், பார்க்கலாம்!" என்றார் திருவேங்கடம்.

காகிதத்துக்கு எங்கே போவது? இலவச சட்ட உதவி மையத்திலிருந்து காசு வாங்காமல் வாதாட வந்திருந்த வக்கீல் ரெஹானா கையிலிருந்த கட்டைப் புரட்டிப் பார்த்தாள். செங்கமலம் அவள் காதருகே குனிந்தாள். "பொடி எழுத்தா ஏதாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க வக்கீலம்மா."

எதற்கென்று புரியாமலே ரெஹானா, செங்கமலத்தை வெளியேற்றச் சொல்லித் திருவேங்கடம் போட்டிருந்த மனுவையே எடுத்து நீட்டினாள். "மூணாவது பத்தியக் கொஞ்சம் படிங்க சார்."

அவர் காகிதத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், நெஞ்சைத் தடவினார். பிறகு நிமிராமலே அதட்டினார்: "ஏ செங்கமலம், கண்ணாடி எங்க?"

"ஜிப்பா இடது பையிலங்கய்யா."

கை அங்கே போனது. கண்ணாடி இருந்தது. செங்கமலத்தை யாரும் அந்த அறையிலிருந்து கிளப்பக் கூடாது என்று நீதிபதி அன்றைக்கே உத்தரவு போட்டார்.

ஐந்து வருஷம் சட்டம் படித்த ரெஹானா அவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "எப்படிக்கா அவ்வளவு தைரியமா இருந்தீங்க?"

"பதினெட்டு வருஷத்துல ஒரு நாளாவது அவரா தேடி எடுத்திருந்தா, நான் பயந்திருப்பேம்மா."