மெல்லாயி வெளியே குடிபோனது

உடம்புக்குத் தோலும் உள்ளே சவ்வும் இல்லாத அந்தக் காலத்தில், காற்றும் வெயிலும் அதற்குள் தாராளமாகப் போய் வந்தன. அதைப் போர்த்தி மூடச் சவ்வுகளான அக்கா தங்கச்சிகள் ஐந்து பேர் வந்தார்கள். அப்போது சவ்வுக்கும் வாய் இருந்தது, பேசும்.

ஆளுக்கொரு இடம் என்று பங்கு பிரித்த அன்றைக்குக் கடைசித் தங்கை மெல்லாயி மட்டும் இல்லை. பிள்ளை பெற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்போடு வரவேண்டாம் என்று அக்காமார்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நெட்டையாக வளர்ந்த நெட்டச்சி குடலை எடுத்துக்கொண்டாள். வருகிற சாற்றை நின்றபடியே உறிஞ்சிவிடலாம். சதுரமாக இருந்த கட்டச்சி சிறுநீரகக் குழாய்க்குள் போனாள். தலையெல்லாம் மயிராடும் கூந்தலி, தூசு கூட்டுகிறேன் என்று மூச்சுக்குழாயைக் கேட்டு வாங்கினாள். மெல்லாயியோடு இரட்டையாகப் பிறந்த சன்னாயி தட்டை, ஒற்றை மடிப்பு. காற்று அவளை ஊடுருவிப் போகும். அவளுக்கு நுரையீரல்.

மெல்லாயி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தபோது வெளிப்புறம்தான் மிச்சம்.

சன்னாயி பக்கத்தில் ஒண்டிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். சன்னாயி தலையைக் குனிந்துகொண்டாள். நெட்டச்சிதான் பேசினாள். "பிள்ளைக்காரிக்கு விசாலமான இடமா ஒதுக்கியிருக்கோம் தாயி. உள்ளே ஒரே நெரிசல்."

மெல்லாயியும் ஒற்றை மடிப்புதான். வெளியே படுத்த முதல் நாளே வெயிலில் ஓரமெல்லாம் சுருண்டது. பிள்ளைகளும் இப்படிக் கருகிவிடுவார்கள் என்று தெரிந்தது. அவர்களைத் தனக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே கவிழ்ந்து படுத்தாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் நான் மேலே வரேன்" என்றாள் மூத்த மகள்.

"நீ ஒண்ணு பெத்த பிறகு வா."

பொழுது சாயும்போது மெல்லாயி காய்ந்து உதிர்ந்துபோனாள். மகள் அடியிலேயே பிள்ளை பெற்று, அதற்குப் பிறகு மேலே வந்து கவிழ்ந்தாள். அவள் மகளும் அப்படியே. பின்னாளில் பேத்திகள் சிலர் உடம்பின் வாய்க்குள் குடிபோனார்கள்; அவர்கள் மட்டும் ஈரத்தில் கிடப்பதால் காய்வதில்லை.

சன்னாயி உள்ளே இன்னும் ஒற்றை மடிப்பாகவே இருக்கிறாள். தோல் மட்டும் அன்று முதல்தான் அடுக்கடுக்காக ஆனது. பிறப்பது அடியில், காய்வது மேலே. மிதிபடுகிற உள்ளங்காலில் அடுக்கு இன்னும் அதிகம். குளிக்கும்போது தேய்த்தால் திரிதிரியாக வருகிறதே, அழுக்கு என்று கழுவிவிடுகிறோம். அதில் பாதி, பிள்ளைமேல் கவிழ்ந்து படுத்த யாரோ ஒருத்தி.