வௌவால் நெஞ்சை நனைத்து உறங்கப் போவது ஏன்?

விலங்குகளும் பறவைகளும் பேச்சறிந்திருந்த அந்தக் காலத்தில், ஒரு சித்திரை மாத விடியலில், ஏரிக்கரை மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டின. அன்று அங்கிருந்தவர்கள் இன்னார் என்பதை முதலில் தெரிவித்துவிடுவது முறை. உச்சிக்கிளையில் தலைவர் நெடுவிரலார். அவருக்கு வலப்புறம் அவருடைய தங்கை மகன் இலந்தையன். அவர்களுக்கு எதிரே, கூட்டத்துக்கு முன்னே பறந்து வழி காட்டும் செம்பிடரி. அவள் மார்பைப் பற்றிக்கொண்டு, பிறந்து இருபது நாளான அவள் குட்டி. கீழ்க்கிளையில், எதைச் சொன்னாலும் முனகியே சொல்வதால் முனகி என்றே பெயர் பெற்றவள். இவர்களைச் சூழ்ந்து தொங்கிய முந்நூறு பேர். அழைப்பில்லாமல் வந்தவள் ஒருத்தி மட்டும்: நீரோரத்துப் பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகம்.

நீர்க்காகத்தைத் தவிர மற்ற அனைவருக்கும் தலை வலித்துக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். நமக்குப் பகல் எதுவோ அது வௌவாலுக்கு இரவு. விடியலில் மரம் சேர்ந்து, பகலெல்லாம் உறங்கி, அந்தியில் விழித்து இரை தேடப் புறப்படுவது அவர்கள் வாழ்க்கை. அதற்கு முந்தைய ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. மருதமரம் பாதி இலையை உதிர்த்துவிட்டது. உறங்குகிறவர்கள் மீது வெயில் நேராக விழுந்தது. இறக்கையால் விசிறியபடியும் வாயைத் திறந்து மூச்சு விட்டபடியும் அவர்கள் உறங்க முயன்றார்கள். நண்பகலுக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாராவது ஒருவர் தாகம் பொறுக்காமல் கிளையை விட்டு ஏரிக்குப் பறப்பார். அவர் விட்ட கிளை எம்பி ஆடும். பக்கத்தில் தொங்கிய பத்துப் பேர் விழிப்பார்கள். விழித்ததுதான் விழித்தோம், குடித்துவிட்டு வருவோம் என்று அவர்களில் நால்வர் கிளம்புவார்கள். மறுபடியும் கிளை ஆடும். பகல் முழுவதும் மரம் சந்தைக்கடையாக இருந்தது. உறங்காதவர்களுக்கு உறக்கமில்லாத தலைவலி. பிடிவாதமாக உறங்கியவர்களுக்கு அந்தியில் கண்ணுக்குப் பின்னே சுத்தியால் தட்டுவதைப் போன்ற தலைவலி.

தலைகீழாகத் தொங்குவதால்தான் இந்த வலி என்று இலந்தையன் ஆராய்ந்து சொன்னான். நீர்க்காகம் அதைக் கேட்டு, பிறந்த நாளிலிருந்து தொங்குகிறவர்களுக்கு இந்தச் சித்திரையில்தான் வலி வந்ததா என்று விசாரித்தாள்.

நெடுவிரலார் முடிவெடுக்கத் தயங்குகிறவர் அல்லர். விடியலில் அனைவரும் வயிறு நிறையக் குடித்துவிட வேண்டும், அதன் பிறகு அந்தி வரை ஒருவரும் கிளையை விடக் கூடாது என்று முதற்கட்டளை பிறப்பித்தார். கேட்பதற்கு நேர்த்தியான கட்டளை. ஆனால் தலைகீழாகத் தொங்கும் உடம்பு சிறுநீர் கழிக்க வேண்டுமானால், கட்டைவிரல் கொக்கியால் கிளையைப் பற்றி, காலை விட்டு, நிமிர்ந்து தொங்கியாக வேண்டும். முந்நூறு வயிறுகளும் நிறைந்திருந்தன. ஒருவர் திரும்பி முடிப்பதற்குள் அடுத்தவர் திரும்பினார். முன்பாவது பத்து முறை ஆடிய கிளை இப்போது நிற்கவே இல்லை. கீழ்க்கிளையில் இருந்தவர்களின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

"மழை இல்லை, மழை இல்லை என்று யார் சொன்னது?" என்றாள் முனகி. "எனக்கு இரண்டு நாளாகப் பெய்கிறது."

மூன்றாம் நாள் நெடுவிரலார் கட்டளையை மாற்றினார். விடியலில் ஆளுக்கு ஒரே ஒரு மடக்கு. அதற்குமேல் இல்லை. கிளையை விடவும் கூடாது. இப்போது கிளை ஆடவில்லை. ஆனால் உறக்கமும் வரவில்லை. முந்நூறு பேர் இறக்கையை ஒரு பக்கம் போர்த்தி, பிரித்து, மறுபக்கம் போர்த்தி, பாதத்தை மாற்றி மாற்றிப் பற்றி, கண்ணை மூடித் திறந்து, நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தபடியே பகலைக் கழித்தார்கள். குட்டிகள் சிணுங்கின. அந்தியில் தலைவலி முன்னைவிடக் கடுமையாக வந்தது.

இதில் பெருந்துன்பம் செம்பிடரிக்கு. மற்றவர்களுக்குத் தலை வலித்தால் முன்னால் செல்பவரைப் பார்த்துப் பறக்கலாம். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. எந்தத் தோப்பில் இலுப்பை பூத்திருக்கிறது, எந்த அத்தி பழுத்திருக்கிறது என்பதைக் காற்றின் மணத்தைக் கொண்டு அவள்தான் அறிய வேண்டும். வலிக்கிற தலைக்கு எல்லா மணமும் ஒன்றே. அன்று அந்தியில் இலுப்பைத் தோப்பு என்று நம்பி, முந்நூறு பேரையும் உடைமுள் காட்டில் கொண்டுபோய் இறக்கினாள். பலருக்கு இறக்கை கிழிந்தது.

மறுநாள் விடியலில் தனக்குரிய ஒரு மடக்கைக் குடிக்க ஏரிமேல் தாழ்ந்தபோது, வலியில் உயரத்தைத் தவறாகக் கணித்து, நெஞ்சு நீரில் அடிபட்டு, குட்டியும் தானுமாக நனைந்து சொட்டச் சொட்ட மரத்துக்கு வந்தாள். வௌவால் குலத்தில் இதைவிடப் பெரிய இழிவு அக்காலத்தில் கிடையாது. நனைந்து வருகிறவர் பறக்கத் தெரியாதவர் என்பது அவர்கள் தீர்ப்பு. உதட்டைத் தவிர வேறெதுவும் நீரைத் தொடாமல் குடித்து எழுவதில்தான் அவர்கள் பெருமை இருந்தது. நாள்தோறும் நனைகிற நீர்க்காகத்தை அவர்கள் ஒரு பறவையாகவே மதித்ததில்லை.

"அக்கா, குளித்துவிட்டு வருகிறீர்களா? எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே" என்றான் இலந்தையன். மரம் முழுவதும் சிரித்தது.

செம்பிடரி யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், உடம்பை வேகமாக உதறி, நெஞ்சிலிருந்த நீரைத் துளி இல்லாமல் சிதறடித்தாள். பிறகு தொங்கி, இறக்கையால் தன்னையும் குட்டியையும் போர்த்திக்கொண்டாள். ஆனால் அவள் உதறுவதற்கு முன்பே குட்டி அவள் மார்பு மயிரை நக்கத் தொடங்கியிருந்தது. உதறிய பிறகும் தன்னுடைய நனைந்த தோளை நக்கிக்கொண்டிருந்தது. அன்று பகல் மரத்திலிருந்த குட்டிகளெல்லாம் சிணுங்கின. அவள் குட்டி அந்தி வரை ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை.

அதை அவள் கவனித்தாள். கவனித்ததற்குப் பொருள் கண்டுபிடிக்கும் நிலையில் அவள் தலை இல்லை. அன்று அந்தியில் கூட்டத்தை ஏரியைச் சுற்றிச் சுற்றி அழைத்துப் போய், புறப்பட்ட மருதமரத்துக்கே கொண்டுவந்து சேர்த்தாள். எல்லோரும் கிடைத்ததைத் தின்று பசியோடு திரும்பினார்கள். அதனால்தான் அந்தக் கூட்டம்.

நெடுவிரலார் குரலை உயர்த்தவில்லை. இருமுறை வழி தவறியவள் மூன்றாம் முறையும் தவறினால் வழிகாட்டும் பொறுப்பு இலந்தையனுக்குச் செல்லும் என்றார். பொறுப்பை இழந்த வழிகாட்டி மரத்தில் இருப்பது வழக்கமில்லை என்றும் நினைவூட்டினார். அக்கரையில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அவளும் குட்டியும் அங்கே போக வேண்டியிருக்கும். அந்தப் பனையைப் பற்றி அனைவரும் அறிவார்கள். தொங்குவதற்குக் கிளை இல்லை. மட்டைகளின் இருபுறமும் கருக்கு அரம்போல் அறுக்கும். உச்சியில் ஒரு பருந்து குடியிருந்தது. இருபது நாள் குட்டி அங்கே எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார் நெடுவிரலார்.

"இன்றைக்கான ஒரு மடக்கை நான் இன்னும் குடிக்கவில்லை, பெரியவரே" என்றாள் செம்பிடரி.

"போய்க் குடித்துவிட்டு வாருங்கள்."

அவள் கிளையை விட்டாள். ஏரிமேல் தாழ்ந்தாள். முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதடு படும் உயரத்தையும் கடந்து, குட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, தெரிந்தே, நிதானமாக, நெஞ்சைத் தண்ணீரில் அமிழ்த்தி எழுந்தாள். சொட்டும் உடம்போடு மரத்துக்குத் திரும்பி, பழைய இடத்தில் தொங்கினாள். இம்முறை உதறவில்லை.

மரத்தில் ஓர் அருவருப்பான முணுமுணுப்பு பரவியது. தங்கள் குலத்தில் பிறந்திருக்க வேண்டியவள் அங்கே போய்ப் பிறந்துவிட்டாள் என்று நீர்க்காகம் பட்டமரத்திலிருந்து வருத்தப்பட்டாள்.

"இது என்ன?" என்றார் நெடுவிரலார்.

"நீங்கள் அனுமதித்த ஒரு மடக்குதான். அதை வயிற்றில் வைக்காமல் நெஞ்சில் வைத்திருக்கிறேன்."

"நனைந்தவர்கள் உச்சிக்கிளையில் உறங்குவதில்லை."

அவள் வாதிடவில்லை. கீழ்க்கிளைக்கு இறங்கி, முனகியின் பக்கத்தில் இடம் பார்த்தாள். ஏற்கெனவே மேலிருந்து நனைந்தது போதாதென்று இப்போது பக்கத்திலிருந்தும் நனைய வேண்டுமா என்று முனகி அலுத்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு சாண் நகர்ந்து கொடுத்தாள்.

வெயில் ஏறியது. மருதமரம் வழக்கம்போல நெளியத் தொடங்கியது. போர்த்துவார்கள், பிரிப்பார்கள், விசிறுவார்கள், பெருமூச்சு விடுவார்கள். செம்பிடரி மட்டும் அசையவில்லை. ஈர நெஞ்சில் காற்றுப் பட்டு உடம்பு குளிர்ந்திருந்தது. நாக்கு உலரத் தொடங்கியபோது, கண்ணைத் திறக்காமலே கழுத்தைச் சற்று வளைத்து, மயிரிலிருந்து நான்கைந்து துளிகளை நக்கிக்கொண்டாள். கிளை அறியவில்லை. வயிறு நிறையவில்லை. ஆகவே திரும்பித் தொங்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஒரு நாழிகை கழித்து மறுபடியும் நான்கு துளி. இடையிடையே குட்டியும் நக்கியது.

உறக்கம் வராமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் முனகி. நெடுநேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"தூங்கிக்கொண்டிருக்கிறேன்."

முனகி தன் உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள். பிறகு இன்னும் மெல்லக் கேட்டாள்: "அந்தத் தோள் பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

செம்பிடரி விழிக்காமலே அவள் பக்கம் தோளைச் சாய்த்துக் கொடுத்தாள்.

அந்தி வந்தது. முந்நூறு பேர் நெற்றியைக் கிளையில் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். இருவர் மட்டும் உறங்கி எழுந்தவர்களைப் போல எழுந்தார்கள். செம்பிடரி கிளையை விடுவதற்கு முன்பே காற்றைப் பிரித்து அறிந்துவிட்டாள்: மேற்கே வேம்பு, அதற்கு அப்பால் ஈர மண், தென்மேற்கே, தொலைவில், நேற்றும் முந்தாநாளும் பிடிபடாத இலுப்பைப்பூ. அவள் திரும்பிப் பார்க்காமல் பறந்தாள். கூட்டம் பின்தொடர்ந்தது. ஒரு வளைவுகூட வீணாகவில்லை. இலுப்பைத் தோப்பில் பூ மெத்தையாகக் கொட்டிக் கிடந்தது. கிளைகளில் அதைவிட மிகுதியாக இருந்தது. எல்லோரும் வயிறாரத் தின்றார்கள்.

நெடுவிரலார் மட்டும் பின்தங்கி வந்தார். கூட்டத்தில் மூத்தவர் அவர். வலியும் அவருக்கே மிகுதி. தோப்பு வாயிலில் கண் மங்கி ஒரு கிளையில் முகத்தை மோதிக்கொண்டார். பார்த்தவர்கள் வேறு பக்கம் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டார்கள்.

விடியலில் மரம் திரும்பியபோது, ஒருவரும் உறங்க ஆயத்தமாகவில்லை. தலைவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். செம்பிடரி முன்னமே நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து கீழ்க்கிளையில் தொங்கினாள். முனகியும் நனைந்திருந்தாள். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

இலந்தையன்தான் பேச்சை எடுத்தான். ஒருநாள் வழி சரியாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம் என்றும், குலத்தின் மானம் ஒருநாள் இரையைவிடப் பெரியது என்றும், நனைந்தவர்களை மேற்கிளைக்கு அழைத்தால் நாளைக்கு நாமும் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்க வேண்டியதுதான் என்றும் விரிவாக எடுத்துரைத்தான். பேசும்போதே ஒரு கையால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தான்.

"நான் தூங்கினேன்" என்றாள் முனகி. அவள் அன்று முனகாமல் சொன்னது அது ஒன்றுதான்.

எல்லோரும் உச்சிக்கிளையைப் பார்த்தார்கள். நெடுவிரலார் கண்ணை மூடியிருந்தார். உறங்கவில்லை என்பது தெரிந்தது. மோதிய இடத்தில் முகம் வீங்கியிருந்தது. அவர் கண்ணைத் திறந்து செம்பிடரியின் ஈர நெஞ்சைப் பார்த்தார். அவள் தோளில் அதற்குள் உறங்கிவிட்ட குட்டியைப் பார்த்தார். பின்பு அக்கரைப் பனையைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய சொல் இரண்டில் ஒன்று. அவர் இரண்டையும் சொல்லவில்லை.

பற்றியிருந்த பாதங்களைத் தளர்த்தினார். உச்சிக்கிளை எம்பி ஆடி அடங்கியது. இலந்தையன் வழிவிட்டு ஒதுங்கினான். முந்நூறு பேரின் நடுவே அந்த மூத்த வௌவால் ஏரியை நோக்கிப் பறந்து போனது.

அன்று முதல்தான் பழந்தின்னி வௌவால்கள் நீர்மேல் தாழ்ந்து நெஞ்சை நனைத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பி, தொங்கியபடியே அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாக நக்கிக் குடிக்கின்றன.