இடப்பக்கத்து உப்புச்சாடி

அந்தியூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு குடில். அங்கிருந்த பெண் துறவியை எல்லோரும் சாமியம்மா என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, பசி அதிகம் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் காலை சென்னியப்பன் வந்து சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. மனைவி மயிலாத்தாள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வாராவாரம் தியானத்துக்கு வருவார். கண்ணை மூடுவார், அழுவார், போய்விடுவார்.

"வீட்டைப் பூட்டிட்டேனுங்கம்மா. இனி இங்கயே இருந்துக்கறேன். காவி குடுத்துருங்க."

"அங்க என்ன கொறை?"

"அவ இல்லீங்க."

"இங்க இருக்காங்களா?"

சென்னியப்பன் சாவிக்கொத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். சாமியம்மா அவருடைய வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்திருந்தது.

"இது என்னங்க?"

"சமையலுங்கம்மா. எனக்கு அது வர மாட்டேங்குது."

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல எனக்குச் சாப்பாடு. சாவியை அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மனுஷர் விடிந்ததும் விடியாததுமாகக் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு பொரியலுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. சாமியம்மா வந்தவர் கூடத்தில் உட்காராமல் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

அடுப்பில் வலப்பக்கம் சோறு, இடப்பக்கம் ரசம். உப்புச்சாடி அதற்கும் இடப்பக்கம், சுவரோரத் தட்டில் இருந்தது. இடது கையால் உப்பு எடுக்க சென்னியப்பனுக்கு மனசு வராது, அவர் வளர்ந்த வளர்ப்பு அப்படி. வலது கையைக் கொதிக்கிற ரசத்துக்கு மேலாக நீட்டினார். பாத்திரத்தின் விளிம்பு சுட்டது. கையை உதறினார். மறுபடி நீட்டி உப்பை எடுத்துப் போட்டார்.

"உப்பு எதுக்குங்க அந்தப் பக்கம்?"

"மயிலா வெச்ச எடமுங்க. அவ எடக்கைக்காரி. கரண்டி, கத்தி எல்லாமே எடக்கைதான். எங்கம்மா வையாத நாளில்லை. அவ காதுலயே போட்டுக்க மாட்டா."

சொல்லும்போது சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அவங்க வர்றதுக்கு முன்னால சாடி எங்க இருந்துச்சு?"

"இந்த வலதுகைப் பக்கமுங்க. எங்கம்மா வெச்சிருந்தாங்க. மயிலா வந்த மூணாம் நாளே எடுத்து அங்க வெச்சுட்டா. அன்னைக்கு வீட்டுல பெரிய சண்டை."

"இப்ப நீங்க இந்தப் பக்கம் எடுத்து வெச்சுக்கலாமே?"

"எப்பிடிங்க?" சென்னியப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். "முப்பத்தெட்டு வருஷமா இருந்த எடம். அதையும் மாத்திட்டா இந்த வீட்டுல அவ இருந்ததுக்கு என்னங்கம்மா மிச்சம்? அதனாலதான் பூட்டிட்டு வர்றேங்கறேன். அவ வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அடுப்பு மேடையில் சாமியம்மா பக்கமாகத் தள்ளினார்.

சாமியம்மா அதைத் தொடவில்லை.

"அவங்க எடத்தைப் பாத்தா வெச்சாங்க? சமைக்கிற கையைப் பாத்து வெச்சாங்க."

ரசம் நுரை கட்டி வந்தது, சென்னியப்பன் அடுப்பை அணைத்தார். பிறகு சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு, உப்புச்சாடியைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார்.